சினையோடு வந்த எலியிடம் நம்பிக்கை பெற்றது எப்படி? உங்கள் அனுபவங்கள்

சாம்பல்வால்:
அவள் வந்த அன்றே நான் செய்த தவறு இன்றும் உறுத்துவதால் இதை எழுதுகிறேன். வயிறு இருபுறமும் புடைத்திருந்தது. சினைதானா என்று பார்த்துவிடும் அவசரத்தில், மூலையில் ஒடுங்கியிருந்தவளை மேலிருந்து கையை விட்டுத் தூக்கிவிட்டேன். அவள் கடிக்கவில்லை. ஒரே ஒரு முறை கீச்சிட்டாள். என் உள்ளங்கையில் சிறுநீர் கழித்துவிட்டு உடல் விறைத்துக் கிடந்தாள். கீழே விட்டபின் கண்ணோரத்தில் சிவப்பாக ஏதோ படிந்திருந்ததைக் கண்டு ரத்தம் என்று பதறினேன். எலி மிரண்டாலோ நலம் குன்றினாலோ கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து கசியும் நிறமிதான் அது என்று மருத்துவர் பிறகு விளக்கினார். மேலிருந்து இறங்கும் கை அவளுக்குப் பருந்தின் கால் போன்றது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள்தான்; வயிறு நன்றாகத் தெரியும்போதே பெரும்பகுதி கடந்திருக்கும். எஞ்சிய சில நாள்களில் அவளைத் தொடுவதே இல்லை என்று முடிவுசெய்து, இரவில் கூண்டருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் உடுத்திக் கழற்றிய பழைய பருத்திச் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளே வைத்தேன். ஆறாம் இரவு, தாள் கீற்றுகளைக் கவ்விக் கவ்விக் கூடு கட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று, அந்தத் துண்டைப் பல்லால் பற்றிப் பின்னோக்கி இழுக்கத் தொடங்கினாள். அதில் ஒட்டியிருந்த பொத்தான் பெட்டியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. நூலைக் கொறித்துப் பொத்தானை உதிர்த்துவிட்டு, துணியைக் கூட்டின் நடுவில் திணித்தாள். நான் மூச்சைக்கூட மெதுவாகவே விட்டேன். விடியற்காலையில் 9 குட்டிகள் பிறந்திருந்தன.

இரவுவிழி:
நெகிழ்ந்து படித்தேன், ஆனால் தொடாமலே இருந்ததுதான் சரி என்பதை ஏற்க இயலவில்லை. நானும் அப்படித்தான் விலகியே இருந்தேன். ஈனும் வேளையில் அவள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முக்கியும் ஒரு குட்டிகூட வெளிவரவில்லை. உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நிலையில், என் கைக்குப் பழகாத அவளை நான் கூண்டு முழுக்கத் துரத்திப் பிடிக்க நேர்ந்தது. வலியோடு ஓடிய அந்த ஓட்டம் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அவள் பிழைத்தாள், குட்டிகளில் மூன்றுதான் பிழைத்தன. தூக்க வேண்டாம் என்பது சரியே. ஆயினும் தானாக நடந்து ஏறும்படி ஒரு சிறிய பெட்டியையாவது முதல் நாளிலிருந்தே பழக்கியிருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

தாள்கூடு:
என் அனுபவம் சிறியது: என்னிடம் வந்தவள் இரண்டாம் நாளே ஈன்றுவிட்டதால் நம்பிக்கை வளர்க்க நேரமே இருக்கவில்லை. எனினும் சாம்பல்வால் அவர்கள் எழுதியதில் ஒன்று என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. கிழித்த துணியின் நூல் குட்டியின் காலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். கூடு கட்டுவதற்கு மணமில்லாத டிஷ்யூ தாளே போதும். பைன், தேவதாரு மரச் சீவல்கள் அவற்றின் மூச்சுக்குழலுக்கு ஆகாதவை. கூண்டுக் கம்பிகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். தாய்க்குப் பொருந்தும் கூண்டிலிருந்து குட்டிகள் எளிதில் நழுவி வெளியேறிவிடும். ஆண் எலி உடனிருந்தால் ஈனுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள் அவள் மீண்டும் சினையாகக்கூடும். மனித வாடை பட்டால் தாய் குட்டிகளைத் தின்றுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உங்களை அறிந்த தாய் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அவளைக் கலங்கடிப்பதுதான் ஆபத்து. அவளாகத் தீனிக்கு வெளியே வரும்போது, அவளது படுக்கைத் தாளில் கையைத் தேய்த்துக்கொண்டு விரைவாகப் பாருங்கள். ரோமம் முளைக்காத வயிற்றுத் தோலின் வழியே வெள்ளைப் பட்டையாகப் பால் தெரிந்தால் குட்டி குடித்திருக்கிறது என்று பொருள். ஏறத்தாழ 14 நாளில் கண் திறக்கும். ஆண் குட்டிகளை ஐந்து வாரத்துக்குள் தனியே பிரித்தாக வேண்டும், இதைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

சாம்பல்வால்:
நூலைப் பற்றி எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. அவள் தீனிக்கு வந்தபோது துணியை எடுத்துவிட்டேன், குட்டிகளின் கால்கள் அனைத்தும் நலமாக உள்ளன. இரவுவிழி அவர்களே, உங்கள் பெட்டி யோசனையை இன்றே தொடங்கிவிட்டேன்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். ஈன்ற மூன்றாம் நாள் வேகவைத்த முட்டையை நீட்டியபோது என் விரல் கூட்டின் வாசலுக்கு மிக அருகில் சென்றுவிட்டது. அவள் விறைக்கவில்லை, கீச்சிடவில்லை. விரல் நுனியைப் பற்களால் மென்மையாகப் பற்றி, ஓரமாக நகர்த்தி வைத்தாள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் முட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.