‘தரிசு’ என்று எழுதிய கையை எப்படி நினைவுகூர்வது?

தென்கடலான்
போன மாதம் காலமான நம் திட்ட அதிகாரியைப் பற்றி இங்கே யாரும் ஒரு வரி எழுதவில்லை. பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் அவருக்கு நிலம் அளக்கும் சங்கிலி இழுத்தவன்.

‘நகர் ஊரமைப்புச் சட்டம், 1971’ என்று ஒன்று வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வேலைக்கு வந்தவர். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இராமநாதபுரம் மாவட்டக் கரையைத் தவணை முறையில் நடந்தே முடித்தார். கிராம வரைபடங்களைச் சுருட்டி ஒரு குழாயில் அடைத்துத் தோளில் மாட்டியிருப்பார். பிள்ளைகள் ‘பீரங்கி சார்’ என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குச் சாலை போட்டது 2017இல். நாங்கள் போனபோது மணலும் தண்ணீரும்தான். பொழுது சாய்ந்து நீர் ஏறிவிட்டதால் தனுஷ்கோடியில், 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களுக்கு நடுவில் படுத்தோம். விடியலில் ஒரு மீனவப் பெண் மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஊறி வந்த தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினார். இவர் இன்னும் ஆழமாகத் தோண்டினால் சீக்கிரம் நிறையுமே என்றார். “தோண்டுங்கள், உப்புத்தான் வரும்” என்றார் அந்த அம்மாள். மழைநீர் மணலுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது என்பதை நம் அதிகாரி புத்தகத்தில் படித்திருந்தார். அன்றைக்குத்தான் நாக்கில் அறிந்தார். பிறகு கரையோரத்தில் ஆழ்துளைக் கிணறு கேட்டு வந்த கோப்பு எதையும் எதிர்க் குறிப்பு எழுதாமல் அனுப்பியதே இல்லை.

வலைக்களம்
ஐயா, இறந்தவரைப் பழிப்பது முறையல்ல. ஆனாலும் கேட்கிறேன். அவர் எங்கள் வடகடல் ஊருக்கும் நடந்துதான் வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் தூங்கினார், நண்டு ரசம் குடித்தார். 1989இல் அவர் கையெழுத்தோடு வந்த படத்தில், நாங்கள் வலை காயப்போட்டு மீன் உலர்த்தும் களம் ‘தரிசு’ என்று இருந்தது. கரையில் நின்று வலை இழுக்கும் இடங்களான கரைவலைப் பாடுகள் படத்திலேயே இல்லை. ஆளில்லாத நிலம் என்று அரசாங்கத் தாளே சொன்ன பிறகு யார்தான் வரமாட்டார்கள்? நான்கே ஆண்டில் இறால் பண்ணை வந்தது. ஊர்க் கிணறு கரித்துப்போனது. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியவள் என் அம்மா. இவர் சாகசத்துக்கு நாங்கள் மாலை போட வேண்டுமா?

புலப்படம்
நானும் இதே தொழிலில் இருக்கிறேன், இளையவன். இந்த நடைப்பயணக் கதைகள் கேட்க நன்றாக இருக்கின்றன. ஒரு மனிதனின் காலையும் நோட்டையும் நம்பி எழுதிய படம் அப்படித்தான் பிசகும். இன்று செயற்கைக்கோள் படம் இருக்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவர் பொதுநிலங்களையும் படத்தில் குறிக்கச் சொல்லிவிட்டது. நடக்க வேண்டிய அவசியம் என்ன?

தென்கடலான்
தம்பி, செயற்கைக்கோள் சித்திரையில் எடுத்த படத்தில் களிமண் திட்டு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். ஐப்பசியில் வாடை அடிக்கும்போது வந்து பாருங்கள், அதே இடத்தில் வத்தைப் படகு மிதக்கும். தட்டையான கரையில் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதை மேலிருந்து எடுத்த ஒரு படம் சொல்லாது. கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோடு எது என்று அவர் ஊருக்கு ஊர் கிழவர்களைத்தான் கேட்டார். காய்ந்த வலையும் காய்ந்த மணலும் வானத்திலிருந்து ஒரே நிறம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வது? அவர் நேர்மையானவர். அன்றைய வகைப்பாட்டில் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு, தரிசு என்றுதான் கட்டங்கள் இருந்தன. ‘வலை காயும் களம்’ என்று எழுதக் கட்டமே கிடையாது.

வலைக்களம்
கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதியிருக்கலாமே. கடலில் இறங்கத் துணிந்தவர் கோப்பில் ஒரு வரி கூடுதலாக எழுதத் துணியவில்லை. நான் கேட்பது அந்தத் துணிச்சலைத்தான்.

இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது காந்தியவாதி ஜெகந்நாதன். 1996 டிசம்பரில் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது எங்கள் ஊரில் வெடி வெடித்தோம். 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு வேறு கதவைத் திறந்துவிட்டது. அந்த ஒன்பது ஆண்டில் ஒரு நாளாவது உங்கள் பீரங்கி சார் “அது தரிசு அல்ல, நான் பார்த்தேன்” என்று எங்காவது சொன்னாரா?

புலப்படம்
அக்கா சொல்வது நியாயம். நான் சொன்னதில் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: படம் எடுப்பது கருவி, பெயர் வைப்பது ஆள். இப்போதும் வரைவுப் படங்களில் களம் விடுபட்டுப் போகிறது என்று மீனவர் அமைப்புகள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் அதைப் ‘பிழை’ என்று சொல்வதில்லை, ‘ஆட்சேபணை’ என்கிறார்கள்.

தென்கடலான்
சொல்லவில்லை. சொன்னதாக எனக்குத் தெரியாது. நான் மட்டும் சொன்னேனா? சங்கிலியின் மறுமுனை என் கையில்தான் இருந்தது.

அவருடைய களக் குறிப்பேடுகளில் மூன்று என்னிடம் இருக்கின்றன. நேற்றிரவு உங்கள் ஊர்ப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கரையை ஒரு கோடாக இழுத்து, அதன் ஓரத்தில் பென்சிலால் கரைவலைப் பாடுகளை வரிசையாக எழுதியிருக்கிறார். வடக்கிலிருந்து தெற்காக ஏழு பாடு. கீழே, ‘வலை காயும் இடம், ஊர்ப் பொது’ என்று இருக்கிறது. இது ஏன் படத்துக்குப் போகவில்லை என்று இனி யாரைக் கேட்பது? பக்கத்தைப் படமெடுத்து இங்கே போட்டிருக்கிறேன்.

வலைக்களம்
பார்த்தேன் ஐயா. அம்மாவிடமும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து எண்ணினார்கள். ஏழு இல்லை, எட்டு. பனைக்கூட்டத்துக்குத் தெற்கே இன்னொன்று உண்டு. அதுதான் எங்கள் தாத்தா வலை இழுத்த பாடு. பென்சில் இருந்தால் நீங்களே எழுதிவிடுங்கள்.