கன்சோல் டிரைவர்: டெக்ஸ்ட் மோடில் தொடங்குவதா, ஃபிரேம்பஃபரிலா?

கருப்பூர்க்கயல்:
இறுதி ஆண்டு புராஜெக்டாக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு இயங்குதளம் எழுதுகிறோம். பூட் ஆகிறது, இன்டரப்ட் வேலை செய்கிறது. இப்போது திரையில் எழுத்து காட்டும் கன்சோல் டிரைவரில் வந்து நிற்கிறோம். இரண்டு பேர், எழுத்தின் குறியீட்டைக் கொடுத்தால் ஹார்ட்வேரே வரைந்துவிடும் பழைய விஜிஏ டெக்ஸ்ட் மோடே போதும் என்கிறார்கள். எனக்கு நேராக ஃபிரேம்பஃபரில், அதாவது ஒவ்வொரு பிக்சலையும் நாமே எழுதும் திரை மெமரியில் தொடங்கி, தமிழும் காட்ட வேண்டும் என்று ஆசை. சேலத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலத்தான்:
டெக்ஸ்ட் மோடில் தொடங்கும்மா. ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) பி8000 என்ற மெமரி முகவரியில் திரை இருக்கிறது. 80 பத்தி, 25 வரி, மொத்தம் 2000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட்: முதலாவது எழுத்து, இரண்டாவது நிறம். முதல் இரண்டு பைட்டில் 41, 07 என்று ஹெக்ஸில் எழுதிப் பார். கறுப்புத் திரையின் இடது மூலையில் ஆங்கில 'ஏ' வெளிர்சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். நடுவில் ஃபான்ட் கிடையாது, லைப்ரரி கிடையாது. எழுத்தின் வடிவத்தை வரைவது ஹார்ட்வேர்.

கர்சரும் அப்படித்தான். ஹெக்ஸில் 3டி4 என்ற போர்ட்டில் (ஹார்ட்வேரோடு பேசும் வாசல்) 14 என்று சாதாரணத் தசம எண்ணாக எழுதி, 3டி5-இல் கர்சர் நிற்கும் இடத்தின் மேல் பைட்டைக் கொடு. பிறகு 15, கீழ் பைட். ஸ்க்ரோலிங் இன்னும் அழகு. அதே போர்ட்டுகள் வழியாக எட்டும் 12, 13 ரிஜிஸ்டர்களில் (இவையும் தசம எண்தான்) உள்ள தொடக்க முகவரியோடு 80 கூட்டினால் திரை முழுவதும் ஒரு வரி மேலே போய்விடும். டிரைவர் என்றால் என்ன என்பது இந்த ஒரே பயிற்சியில் கைக்கு வந்துவிடும்.

மலைப்பாதை:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சூரமங்கலம் அண்ணா சொல்வது எல்லாம் சரியான விவரம். ஆனால் எந்தக் கணினியில்? யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) வழியாக மட்டும் பூட் ஆகும் இன்றைய லேப்டாப்பில் பி8000-இல் எழுதினால் திரையில் ஒன்றும் வராது. கயல் எழுதும் இயங்குதளம் கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளுக்குள் மட்டும் ஓடும், அவர் கையில் இருக்கும் லேப்டாப்பில் ஓடாது.

ஃபர்ம்வேரின் கிராஃபிக்ஸ் அவுட்புட் புரோட்டோகாலைக் கேட்டால் ஃபிரேம்பஃபரின் முகவரி, அகலம், உயரம் எல்லாம் தரும். ஃபர்ம்வேரின் பூட் சேவைகளை (தொடக்க நேர உதவிகளை) மூடிய பிறகு அந்தப் புரோட்டோகாலை அழைக்க முடியாது, ஆனால் அந்த முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு வரிக்கு அகலம் பெருக்கல் 4 பைட் என்று கணக்குப் போடாதீர்கள். ஃபர்ம்வேர் சொல்லும் 'ஒரு வரிக்கு இத்தனை பிக்சல்' என்ற எண் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதை விட்டுவிட்டால் எழுத்தெல்லாம் சாய்ந்து படிக்கட்டாக ஓடும்.

அப்புறம், தமிழ். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். கன்சோலுக்குப் போனால் தமிழில் பெயர் வைத்த கோப்புகள் எல்லாம் ஒரே மாதிரிக் குறிகளாகத் தெரிகின்றன. பிள்ளை தான் வைத்த பெயரையே படிக்க முடியவில்லை. புதிதாக எழுதும் ஒருவர் அதே வழியில் ஏன் போக வேண்டும்?

சூரமங்கலத்தான்:
ஃபிரேம்பஃபரின் விலையையும் சொல்லிவிடுங்கள். டெக்ஸ்ட் திரை 4000 பைட். 1920 × 1080 திரை சுமார் 83 லட்சம் பைட். ஒரு வரி ஸ்க்ரோல் செய்ய அத்தனையையும் நகர்த்த வேண்டும். அதிலும் வீடியோ மெமரியிலிருந்து திரும்பப் படிப்பது மிக மெதுவானது.

என் பெரிய கவலை வேறு. நான் ஜவ்வரிசி ஆலைகளில் எடைமேடைக் கணினி பழுது பார்க்கிறவன். மெஷின் நின்றுபோனால் திரையில் உறைந்து நிற்கும் கடைசி நாலு வரியை ஃபோனில் படம் எடுத்து அனுப்புவார்கள். அந்த நாலு வரிதான் எனக்குக் கிடைக்கும் ஒரே தடயம். கெர்னல் பேனிக் ஆன நேரத்தில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியே மீள முடியாமல் நின்றுபோன நேரத்தில், மெமரி கேட்க முடியாது, லாக் (பூட்டு) எடுத்துக் காத்திருக்க முடியாது. அந்த நிலையிலும் எழுத்து வரவேண்டும். தமிழுக்காக எழுத்துக் கோர்ப்பு எஞ்சினை (எழுத்தையும் குறியையும் சேர்த்து ஒரே வடிவமாக்கும் நிரலை) அதற்குள் கொண்டுவந்தால் அந்த நாலு வரியும் போய்விடும். 2020-இல் லினக்ஸ் 5.9-இல் கன்சோலின் மென்பொருள் ஸ்க்ரோல்பேக்கையே எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு ஓட்டைகள், பராமரிக்க ஆளில்லை என்பதுதான் காரணம். பழைய வரிகளைத் திரும்பக் காட்டுவதற்கே அந்த நிலை.

மலைப்பாதை:
பேனிக் செய்தியைத் தமிழில் காட்டச் சொல்லவில்லை அண்ணா. அதற்குத் தனி வழி வைக்கலாம். லினக்ஸிலேயே 2024-இல் 6.10 பதிப்பில் டிஆர்எம் பேனிக் என்று ஃபிரேம்பஃபரில் நேராக வரையும் தனி வழி வந்துவிட்டது. வேகத்துக்கும் வழி உண்டு: எழுத்துகளின் நகலைச் சாதாரண ரேமில் வைத்து, மாறிய கட்டத்தை மட்டும் வரையுங்கள். வீடியோ மெமரியைப் படிக்கவே வேண்டாம்.

கோர்ப்பு எஞ்சினும் வேண்டாம். நம் எழுத்து 247, கூடக் கொஞ்சம் கிரந்தம். எல்லாவற்றையும் முன்கூட்டியே பிட்மேப்பாக (புள்ளிப் படமாக) வைத்துக்கொள்ளலாம். அகலமானதற்கு இரண்டு மூன்று கட்டம் ஒதுக்கினால் போதும்.

ஐந்துரோடு:
பிட்மேப் எளிது, சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கன்சோலுக்கு எழுத்து ஒவ்வொன்றாக வரும். முதலில் 'க' வந்தது, வரைந்தாயிற்று, கர்சரும் நகர்ந்துவிட்டது. அடுத்து ஒகரக் குறி வருகிறது. இப்போது வரைந்த 'க'வுக்கு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு போட வேண்டும். அதாவது டிரைவர் பின்னால் போய், முன்பு வரைந்ததை அழித்து, 'கொ' என்று மறுபடி வரைய வேண்டும். அந்த 'க' வரியின் கடைசிக் கட்டத்தில் இருந்தால் அடுத்த வரிக்குத் தாவ வேண்டும். நடுவில் நிறம் மாற்றும் எஸ்கேப் வரிசை வந்தால் கடைசி எழுத்தை மறக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா? இதை முடிவு செய்யாமல் தமிழ் கன்சோல் எழுத முடியாது.

சூரமங்கலத்தான்:
நான் பயந்ததும் இதைத்தான். ஒரு பைட் வாங்கி ஒரு கட்டம் நிரப்புவதுதான் டிரைவரின் வேலை. மற்றதெல்லாம் மேலே, பயனர் பக்கத்து டெர்மினல் நிரலில் இருக்கட்டும்.

மலைப்பாதை:
மேலே வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அதை இந்த நால்வரே எழுதட்டும். 'பிறகு யாராவது செய்வார்கள்' என்று விட்டதால்தான் பிள்ளைகளின் கோப்புகள் இன்னும் குறிகளாகத் தெரிகின்றன.

கருப்பூர்க்கயல்:
அப்படியானால் கீழே ஃபிரேம்பஃபர், 8 × 16 ஆங்கில ஃபான்ட், பேனிக்குக்கு அது மட்டும், கூடவே சீரியல் போர்ட்டிலும் (இன்னொரு கணினிக்குக் கம்பி வழியே அனுப்பும் வாசல்) நகல். தமிழ் மேலே தனி அடுக்காக. ஒரு கேள்வி: 'கொ' என்று தட்டிவிட்டு பேக்ஸ்பேஸ் அடித்தால் முழு எழுத்தும் போக வேண்டுமா, குறி மட்டுமா?

ஐந்துரோடு:
லினக்ஸில் யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) பயன்முறையில், தட்டுவதை வாங்கும் டிடிஒய் அடுக்கு ஒரு குறியீட்டுப் புள்ளியை, அதாவது யூனிகோடில் தனி எண் உள்ள ஒரு எழுத்தையோ குறியையோதான் அழிக்கும், ஆகவே 'க' மிஞ்சும். அது முன்பிருந்த கட்டத்தில் இருக்காது, இடப்பக்கம் நகரும். முதலில் இந்த ஒன்றுக்கு டெஸ்ட் எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.