உறைநில வரைபடம்: மண் ஏன் இவ்வளவு வெப்பமாக இருக்கிறது?

காசிமேட்டான்: சைபீரிய நிரந்தர உறைநிலத்தின் வெப்பநிலை வரைபடம் தயாரிக்கப் பழகுகிறேன். செயற்கைக்கோள் தந்த மேற்பரப்பு வெப்பநிலையின் ஆண்டுச் சராசரியை அப்படியே மண்ணுக்கும் வைத்தேன். ஆழ்துளை அளவீடுகளோ அதைவிட வெப்பமாக இருக்கின்றன! எங்கே தவறினேன்?

ராயபுரம் அக்கா: பனியை மறந்துவிட்டாயே தம்பி! நம் துறைமுகத்தில் ஐஸ் பாளத்தின் மேல் சாக்குப் போட்டு மூடுவார்களே, அது வெயிலைத் தடுக்கிறது. அங்கே புதுப்பனி, குளிர்காலக் குளிர் மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கிறது. அதனால்தான் உறைநிலைக்குக் கீழே போன தினசரி வெப்பநிலைகளின் கூட்டுத்தொகையை, அந்தக் குளிரில் எவ்வளவு மண்ணை எட்டுகிறது என்று காட்டும், 1-க்குக் குறைவான 'என்' (n) காரணியால் பெருக்குகிறோம். பனி தடிக்கத் தடிக்க அந்தக் காரணி சிறுக்கும்.

ஒற்றியூர் வாசகர்: மண்ணின் ஈரத்தையும் பாருங்கள், அது பனிக்கு எதிர்த்திசையில் மண்ணைக் குளிர்விக்கும். பனிக்கட்டி நீரைவிட ஏறத்தாழ 4 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஈரக் கரிமண்ணில் (மக்கிய தாவரங்களால் ஆன மண்) கோடை வெப்பம் உள்ளே இறங்கத் தடுமாறும், குளிர் எளிதாக இறங்கிவிடும்.

காசிமேட்டான்: நன்றி அக்கா, நன்றி ஐயா. பனியின் ஆழத்தைச் சேர்த்து இன்றிரவே மறுபடி ஓட்டுகிறேன்.