புது ஸ்போர்ட்ஸ் கார், பெயின்ட்டில் குறை: மறுபடி அடிக்க விடலாமா, வேண்டாமா?

செம்பருதி:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாள் ஆசைப்பட்டு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எடுத்திருக்கிறேன். நிறம் அடர் சிவப்பு, மூன்று அடுக்கு வகை. அடியில் வெள்ளி மினுக்கு, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, கடைசியாக கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பளபளப்பு அடுக்கு. டெலிவரி அன்று ஷோரூம் விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவை கழுவித் துடைத்தபோது, சாய்ந்த வெயிலில்தான் கண்ணில் பட்டது. இடது பின் குவார்ட்டர் பேனலில், அதாவது கதவுக்குப் பின்னால் வரும் பக்கவாட்டுத் தகட்டில், சக்கர வளைவுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுகிறது.

டீலர் தப்பை ஒத்துக்கொண்டார். இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, அவர்களுடைய பாடி ஷாப்பில் அந்தப் பேனலை இலவசமாக மறுபடி அடித்துத் தருவார்கள். இல்லையென்றால் மெஷின் பாலிஷ் போட்டு முடிந்த அளவு மறைத்து, கூடுதல் வாரன்டி தருவார்கள். புது வண்டியைப் பிரித்து மேய விட மனம் வரவில்லை. அப்படியே விடவும் முடியவில்லை, வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. என்ன செய்யலாம்?

மைக்ரான்மணி:
கை வைக்க விடாதீர்கள். ஃபேக்டரி பெயின்ட் ஒரு தடவைதான். வெறும் உலோகக் கூடாக இருக்கும்போது அதை அடித்து, கிளியர் கோட்டை 140 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்துச் சுடுகிறார்கள். முழு வண்டியான பிறகு அந்தச் சூட்டை யாராலும் கொடுக்க முடியாது. உள்ளே வயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கிறதே. பாடி ஷாப்பில் பெயின்ட் அடிக்கிற அடைப்பறையில், அந்த பூத்தில், 60 டிகிரிதான்.

அடுத்தது, விற்கும்போது வாங்க வருகிறவர் கையில் பெயின்ட் எவ்வளவு கனம் என்று அளக்கும் தடிமன் மீட்டர் இருக்கும். மற்ற பேனலெல்லாம் 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டி இந்த ஒன்று மட்டும் 250 காட்டினால், அவர் மனதில் விழுகிற ஒரே வார்த்தை விபத்து. நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் அது போகாது. பாலிஷ் போட்டுக்கொண்டு, கூடுதல் வாரன்டியை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தூரிகைக்காரன்:
மணி சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த 60 டிகிரி வாதத்தை நான் ஏற்க மாட்டேன். வருஷக்கணக்கில் பூத்தில் நிற்கிறவன் சொல்கிறேன். பாடி ஷாப்பில் அடிப்பது டூ-கே கிளியர், அதாவது இறுக வைக்கிற ஹார்ட்னரைத் தனியாகச் சேர்த்துக் கலக்கும் இரண்டு பாகச் சரக்கு. வேதிவினையால் இறுகுகிற சரக்கு அது, அந்தச் சூட்டுக்கென்றே செய்தது. சரியான விகிதத்தில் கலந்து, சரியான தடிமனில் அடித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். மறுபடி அடித்த பெயின்ட் உரிகிறது என்றால் அநேகமாக அடித்தளம் சரியாகத் தேய்க்கப்படவில்லை, இல்லையென்றால் மெழுகோ சிலிகானோ சுத்தமாக எடுக்கப்படவில்லை. அதற்குச் சூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது செம்பருதி தம்பி சொல்கிற புள்ளிகளுக்கு வருவோம். கேட்டவரைக்கும் இது சால்வென்ட் பாப். கிளியர் கோட்டைக் கனமாக ஏற்றிவிட்டாலோ, கோட்டுக்குக் கோட்டு போதிய இடைவெளி விடாமல் அடித்துச் சூடு காட்டினாலோ, மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட சால்வென்ட், அதாவது பெயின்ட்டை இளக்கக் கலந்த ஆவியாகும் திரவம், அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வந்த இடமெல்லாம் குழி. இதை பாலிஷில் எடுக்கலாம் என்று டீலர் சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க, மேலே மூடியிருந்த குழிகளும் வாய் திறக்கும். அவற்றுக்குள் பாலிஷ் வெள்ளை போய் உட்கார்ந்தால் சிவப்பு வண்டியில் பளிச்சென்று தெரியும்.

கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான். அதில் 7, 8 மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பார்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சரக்கு அந்த அடுக்கில்தானே இருக்கிறது. குழி அதைவிட ஆழம் என்றால் பாலிஷ் வேலைக்காகாது. அடித்துத்தான் ஆக வேண்டும்.

தம்பி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வைத்துப் பாருங்கள். குழியின் அடியில் வெள்ளி மினுக்கு தெரிகிறதா, சிவப்பு தெரிகிறதா, வெறும் கிளியர்தானா? அதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நெடுஞ்சாலை:
நீங்கள் இருவரும் எப்படிச் சரி செய்வது என்று பேசுகிறீர்கள். ஏன் சரி செய்ய வேண்டும்? புது வண்டிக்கு முழுப் பணம் கொடுத்தவர் குறையில்லாத வண்டியைக் கேட்பதுதான் நியாயம். மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்த உரிமை நாள் ஆக ஆக நழுவிக்கொண்டே போகும். ஒரு தடவை ரிப்பேருக்குச் சம்மதித்துவிட்டால், குறையை ஏற்றுக்கொண்டு சரிசெய்துகொண்டார் என்று அவர்கள் பக்கம் பேச இடம் கிடைத்துவிடும். முதலில் போட்டோ எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் புகார் கொடுங்கள். பெயின்ட்டரைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.

மைக்ரான்மணி:
நெடுஞ்சாலை சொன்ன எழுத்துப் புகாரை நானும் வழிமொழிகிறேன்.

தூரிகைக்காரரே, உங்கள் தொழில் அறிவை மதிக்கிறேன். ஆனால் இது கதவோ பானெட்டோ இல்லை, குவார்ட்டர் பேனல். கதவென்றால் கழற்றி, ஓரத்திலிருந்து ஓரம் வரை அடித்து மாட்டிவிடலாம். குவார்ட்டர் பேனல் பாடியோடு வெல்டு ஆனது. மேலே போய்க் கூரைத் தூணோடு கலக்கிறது, நடுவில் ஒரு கோடு கூடக் கிடையாது. கிளியர் கோட்டை எங்கே நிறுத்துவீர்கள்? தூணின் நடுவில் படிப்படியாக மெலிய விட்டுக் கரைத்து விட்டால் சில வருஷ வெயிலில் அந்த விளிம்பு வெளுத்துத் தெரியும், உரியவும் செய்யும். அதற்குப் பயந்து கூரை விளிம்பு முழுக்க அடித்தால், உள்ளங்கை அளவு குறைக்காகக் கால்வாசி வண்டிக்குப் பெயின்ட் அடித்த கணக்கு.

பின்பக்கச் சிறு கண்ணாடி பசை போட்டு ஒட்டியது. அதை எடுக்காமல் டேப் ஒட்டி அடித்தால் விளிம்பில் டேப் கோடு நிற்கும். எடுத்தால் உடையலாம், தண்ணீர் கசியலாம்.

நிறமோ மூன்று அடுக்கு. நடுவில் இருக்கும் சிவப்பு ஒரு கோட்டு கூடினால் ஷேடு இருளும், குறைந்தால் வெளிறும். பேனலை மட்டும் அடித்தால் கதவோடு சேராது. அப்போது கதவிலும் கொஞ்சம் கரைத்து விட வேண்டும், பம்பரிலும் கரைக்க வேண்டும். நல்லா இருக்கிற பேனல்களும் இதில் மாட்டும். இதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தூரிகைக்காரன்:
எல்லாம் சரியான கேள்விகள். கூரைத் தூண் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், நடுவில் கரைத்து விடுவது குறுக்கு வழி. நான் செய்தால் கிளியரைக் கூரை ஓரத்துப் பட்டை வரை கொண்டுபோய், அந்தப் பட்டையின் அடியில்தான் முடிப்பேன். அங்கே நிறம் ஏற்ற மாட்டேன், வெறும் கிளியர் மட்டும். கால்வாசி வண்டிக்குப் பெயின்ட் என்று சொன்னீர்கள். நிறம் ஏறுவது குறை இருக்கும் இடத்திலும் அதைச் சுற்றியும்தான்.

ஷேடுக்கு வழி உண்டு. அடிக்கும் முன் ஒரு தகட்டில் வெள்ளி அடுக்கை ஒரே சீராக அடித்து, அதன்மேல் சிவப்பை ஒரு கோட்டு, இரண்டு கோட்டு, மூன்று கோட்டு என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். காய்ந்து கிளியரும் போட்டபிறகு அந்தத் தகட்டை வண்டியோடு ஒட்டி வைத்து வெயிலில் பார்த்தால் எத்தனை கோட்டில் சேர்கிறது என்று தெரிந்துவிடும். எந்த ஸ்பிரே கன், எவ்வளவு காற்றழுத்தம் என்பதைக் கூட மாற்றக் கூடாது, அதே ஆள்தான் வண்டியையும் அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியின் நிற எண்ணை மட்டும் பார்த்துக் கலக்குகிற கடையாக இருந்தால், நானே சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

பம்பரில் கரைப்பதை மட்டும் தவிர்க்கப் பார்க்க வேண்டும். பின் பம்பர் மூலையில் பக்கவாட்டு ரேடார் இருந்தால், அதன் முன்னால் பெயின்ட் தடிமன் கூடுவதையும் உலோக மினுக்கு ஏறுவதையும் நிறுவனங்கள் கட்டுப்படுத்துகின்றன. அலை தடைபடும். தவிர, பம்பர் பிளாஸ்டிக். பல கார்களில் அது தனியாக அடித்து வருவது, பாடிக்கும் அதற்கும் இம்மி ஷேடு வித்தியாசம் பிறப்பிலேயே இருக்கும்.

செம்பருதி:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான குழிகளின் அடியில் சிவப்பு தெரிகிறது. மூன்று நான்கில் வெள்ளி மினுக்கே தெரிகிறது.

நண்பர் ஒருவரிடம் தடிமன் மீட்டர் வாங்கி வண்டி முழுக்க வைத்துப் பார்த்தேன். கதவு, கூரை, வலது குவார்ட்டர் பேனல் எல்லாம் 115 முதல் 130 வரை. இடது குவார்ட்டர் பேனலின் மேல்பகுதியும் அதே. புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் 195, 200, ஓரிடத்தில் 210. அங்கிருந்து கீழே போகப் போகக் குறைந்து 125-க்கு வந்துவிடுகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

தூரிகைக்காரன்:
தம்பி, அந்த இடம் ஏற்கெனவே ஒருமுறை ரிப்பேர் ஆனது.

தொழிற்சாலையில் ரோபோ அடித்தால் ஒரே பேனலில் 80 மைக்ரான் ஏறி இறங்காது. லைனின் கடைசியில் ஆய்வில் ஏதோ தென்பட்டுத் தேய்த்து மறுபடி அடித்திருக்கலாம். அது எல்லாத் தொழிற்சாலையிலும் நடப்பதுதான். லாரியிலோ யார்டிலோ கீறல் விழுந்து, உங்களிடம் தரும் முன் அவசரமாகச் சரிசெய்திருக்கவும் கூடும். எங்கே நடந்தது என்பதை மீட்டர் சொல்லாது. ஆனால் கனமாக ஏற்றிய சரக்கும் சால்வென்ட் பாப்பும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

மணி சார், நீங்கள் காப்பாற்றச் சொல்கிற ஃபேக்டரி பெயின்ட் அந்த உள்ளங்கை அளவில் இப்போதே இல்லை.

மைக்ரான்மணி:
அந்த அளவீடு என் வாதத்தை மாற்றுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மறுபடி அடிக்கும் பக்கம் போகவில்லை, நெடுஞ்சாலை பக்கம் போகிறது. ரிப்பேர் செய்த வண்டியைச் சொல்லாமல் புதிது என்று கொடுத்திருக்கிறார்கள் என்றால் விஷயம் பெயின்ட்டைத் தாண்டிவிட்டது. அடியில் தகடு நெளிந்து பட்டி பூசியிருக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்?

தூரிகைக்காரன்:
பட்டி இருந்தால் 200-ல் நிற்காது, சில நூறு தாண்டிப் போகும். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நடந்ததை மறைத்தார்களா என்று கேட்பதில் நானும் உங்களோடுதான்.

நெடுஞ்சாலை:
செம்பருதி, அந்த மீட்டர் அளவுகளை இடத்தோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு டெலிவரிக்கு முன் ஏதாவது பெயின்ட் வேலை பதிவாகியிருக்கிறதா என்று டீலரிடம் மட்டும் கேட்காதீர்கள், தயாரிப்பாளரிடமே நேரடியாக எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை யாரும் அந்தப் பேனலைத் தொட வேண்டாம். தேய்த்துவிட்டால் உங்கள் ஆதாரம் தூசியாகப் போய்விடும்.

செம்பருதி:
எழுதிக் கேட்டேன். தயாரிப்பாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது. தொழிற்சாலையின் கடைசி ஆய்வில் அந்த இடத்தில் தூசி சிக்கியிருந்ததாகவும், அங்கேயே திருத்தியதாகவும் பதிவு இருக்கிறது. தகட்டில் நெளிவு ஏதும் இல்லை என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். வண்டியை மாற்றித் தரவும் சம்மதம். ஆனால் இதே நிறம், இதே கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும், அடுத்த மாடல் ஆண்டுதான் கிடைக்கும்.

இந்த வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க மனசில்லை.

மைக்ரான்மணி:
நானாக இருந்தால் காத்திருப்பேன். பணம் உங்களுடையது, உரிமையும் உங்களிடம் இருக்கிறது, அவர்களே சம்மதித்தும் விட்டார்கள். பிடித்த வண்டி என்பதாலேயே குறையோடு சமாதானம் ஆக வேண்டியதில்லை. அதே வண்டி இன்னொன்று குறையில்லாமல் வரப் போகிறது.

தூரிகைக்காரன்:
வண்டியை வைத்துக்கொள்வதென்றால் அடித்துவிடுங்கள், புள்ளியோடு விடாதீர்கள். குழி அடி அடுக்கு வரை போயிருக்கிறது, தண்ணீரும் மெழுகும் அதில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இருக்கிற 200-க்கு மேல் இன்னொரு அடுக்கு ஏற்ற விடக் கூடாது. பழைய திருத்தத்தை முழுக்கத் தேய்த்து எடுத்து, நல்ல அடித்தளம் வரை இறங்கி, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். குழியை மூடி மேலே அடித்தால் அதே இடத்தில் மறுபடி வாய் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ கேளுங்கள். தேய்த்து முடித்ததும் ஒன்று, பிரைமர் போட்டதும் ஒன்று, முடித்தபின் மீட்டர் அளவு. அந்தக் கோப்பு உங்களிடம் இருந்தால் நாளைக்கு வாங்க வருகிறவரிடம் எடுத்து நீட்டலாம், மணி சார் சொன்ன விபத்துச் சந்தேகத்துக்கு அதுதான் பதில்.

பாதுகாப்புப் பிலிம் ஒட்டும் எண்ணம் இருந்தால் அடித்த கையோடு ஒட்டாதீர்கள். சால்வென்ட் முழுக்க வெளியேற வேண்டும். எத்தனை வாரம் என்று அந்தக் கிளியர் தயாரித்த நிறுவனத்தின் தாளிலேயே இருக்கும்.

செம்பருதி:
முடிவு எடுத்துவிட்டேன். வண்டியை வைத்துக்கொள்கிறேன், அடிக்க விடுகிறேன். மணி சார், ஷேடு சேராது என்ற உங்கள் வாதத்தையே நிபந்தனையாக வைத்திருக்கிறேன். சோதனைத் தகடு என் கண்முன் வெயிலில் வண்டியோடு சேராவிட்டால் வேலை தொடங்கக் கூடாது, அப்போது மாற்று வண்டி வாங்கும் உரிமை எனக்கு அப்படியே இருக்க வேண்டும். பின் பம்பரைத் தொடக் கூடாது, கிளியர் கூரைப் பட்டையின் அடியில்தான் முடிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. டீலரும் தயாரிப்பாளரும் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்கள்.

மைக்ரான்மணி:
அந்த உரிமைக்கு முடிவு தேதி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தீர்களா? தகடு தயாராகவே தாமதம் செய்து அதைக் கடத்திவிடலாம்.

செம்பருதி:
பார்த்தேன் சார். தேதி எதுவும் இல்லை. தகட்டை நான் ஒப்புக்கொள்ளும் வரை என்றுதான் இருக்கிறது.