ஆண் எல்க் உறுமினால் அது சண்டைக்கு அழைப்பா?

வில்லாளன்:
செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு வில் வேட்டைக்குப் போகிறவர்கள், எல்க் என்ற பெரிய மானினத்தின் ஆண் போடும் கூவலை, அதாவது பியூகிளை, பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். தாழ்வாகத் தொடங்கி மேலேறி நீண்ட சீழ்க்கையாக முடிந்தால், "நான் இங்கே, நீ எங்கே?" என்று கேட்கிறது. குரல் கரகரத்து, நறுக்கென்று வந்து, முடிவில் 'ஹக்... ஹக்' என்று உறுமலும் சேர்ந்தால் சவால். நீங்களும் பதிலுக்கு அதேபோலக் கத்திச் சவால் விடுங்கள், தேடி வரும்.

பைன்காடு:
கடைசி வரியை ஏற்க மாட்டேன். பெண் எல்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய ஆண் எதற்காக அடிபட வர வேண்டும்? போன வருடம் மூன்று நாள் காலையில் நான் சவால் விட்டேன். மூன்று நாளும் பதில் வந்தது, ஆவேசமாகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடத் தள்ளிக் கேட்டது. கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போய்விட்டது.

வில்லாளன்:
தூரத்தில் நின்று கத்தியிருப்பீர்கள். நெருங்கிப் போய்க் கத்தினால் அதற்கு விலகிப் போக நேரம் இருக்காது. உங்கள் கதை என் விளக்கத்தைப் பொய்யாக்கவில்லை.

மேய்ச்சல்நிலம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எல்க் ஒரே மூச்சில் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கீழே 150 ஹெர்ட்ஸை ஒட்டிய உறுமல், மேலே சுமார் 4000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சீழ்க்கை. காட்டுக்குள் தூரத்திலிருந்து கேட்டால் நம் காதுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சீழ்க்கைதான். கரகரப்பும் 'ஹக் ஹக்'கும் வழியிலேயே கரைந்துவிடும். அப்படியிருக்க, எதிர்மலையில் கேட்டதை "சாந்தமான கூவல்" என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் நின்றவருக்கு அதே கூவல் சவாலாகக் கேட்டிருக்கலாம்.

வில்லாளன்:
இது நியாயம். தூரத்துக் கூவலுக்கு நான் அர்த்தம் சொன்னது அவசரம்தான். பக்கத்தில் கேட்டதைப் பற்றி என் கருத்து மாறாது.

பைன்காடு:
அப்படியானால் 'க்ளங்க்' சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றுக் குடத்தைத் தட்டுவது போல அடிவயிற்றிலிருந்து வரும். பெண்களை ஒட்டி நிற்கும்போதும் மடக்கி ஓட்டும்போதும் எழுப்புவது அது. அதைக் கேட்டுவிட்டால் நான் ஒரு சத்தமும் போட மாட்டேன். விடிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே திரும்பும். அது திரும்புவதற்குள் கீழ்ப்பக்கமாக நெருங்கிவிட வேண்டும். நம் வாடை பட்டால் எந்தக் கூவலாலும் பயனில்லை.

வில்லாளன்:
சரி, பெண்கள் இல்லாமல் தனியாகச் சுற்றும் ஆணுக்கு?

பைன்காடு:
அதற்குச் சவாலே வேண்டாம். பெண் எல்க் போல மெல்ல 'மியூ' என்று ஒருமுறை கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பல நேரம் அது கூவாமல்தான் வரும். சுள்ளி முறியும் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.