பத்தாயிரம் கட்டியதோடு முடிந்ததா?

வேன்காரர், மேலூர்:
என் தம்பி சொந்த வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவன். சென்ற மாதம் அக்காள் மகள் காதுகுத்தில் குடித்துவிட்டு, இரவில் பைக்கில் திரும்பியபோது வாகனச் சோதனையில் ஊதச் சொன்னார்கள். கருவி 46 மில்லிகிராம் மது என்று காட்டியது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டினான். அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்திருக்க, ஆறு மாதம் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்ற உத்தரவும் சேர்ந்து வந்தது. வேன் வேப்பமரத்தடியில் நிற்கிறது, மாதத் தவணை நிற்கவில்லை. யாரையும் இடிக்காதவன் பைக்கில் செய்த பிழைக்கு வேன் பிழைப்பையும் பறிப்பது முறைதானா?

செவிலியர், மதுரை:
அண்ணா, உங்கள் வீட்டுக் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் ஆறு மாதம் குறைவு என்பதே என் கருத்து. பதினோரு ஆண்டுகளாக விபத்துப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறேன். பூ விற்று முடித்துச் சாலையைக் கடந்த ஓர் அம்மாவை ஒருநாள் கொண்டுவந்தபோது, விற்காத மல்லிகைச் சரம் அவர் கையிலேயே சுற்றியிருந்தது; அதைக் கத்தரித்த பிறகுதான் ஊசி போட நரம்பு தேட முடிந்தது. மோதியவர் வெளியே நின்று, கொஞ்சம்தான் குடித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் தம்பி அன்று யாரையும் இடிக்காததற்கு அவர் நிதானம் காரணமல்ல, எதிரே யாரும் வராததுதான் காரணம்.

வழக்கறிஞர், திருச்சி:
பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தலைக்கவச அபராதம் போல அந்த இடத்திலேயே கட்டி முடிக்கும் இணக்கத் தொகை இதற்குக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவு அப்படித் தீர்க்கக்கூடிய குற்றங்களின் வரிசையில், குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் 185ஆம் பிரிவைச் சேர்க்கவில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தாலே குற்றம். ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் அது நீதிமன்றத் தண்டனை. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். மறுமுறை என்றால் இரண்டாண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பு மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால்தான் அது மறுமுறையாகும். 2019 திருத்தம் அந்தக் கால வரம்பையே எடுத்துவிட்டது. ஆகவே இந்தத் தண்டனை உங்கள் தம்பியை விட்டுப் போகாது. வேலைக்கோ விசாவுக்கோ தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கும் படிவத்தில், இல்லை என்று இனி அவர் எழுத முடியாது.

வேன்காரர், மேலூர்:
இதை அன்றைக்கு யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடு, கட்டு, வண்டியை எடு என்றார்கள், போட்டான். 2003 முதல் டாஸ்மாக்கில் அரசே சில்லறையாக விற்கிறது. கடை மூடுவது இரவு பத்து மணிக்கு, எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஒன்பதே காலுக்கு. விற்பவருக்கு இதில் பொறுப்பே இல்லையா?

செவிலியர், மதுரை:
பேருந்து விடச் சொல்லி நீங்கள் மனுக் கொடுத்தால் நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் பேருந்து இல்லாத ஊரில் காதுகுத்து வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ள இடம் இருந்திருக்குமே.

வழக்கறிஞர், திருச்சி:
இடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் பாருங்கள். 2006இல் மும்பை கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் ஏழு பேர் கார் ஏறி இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு அவர் பெற்ற மூன்றாண்டுச் சிறையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காப்பீடும் கைகொடுக்காது. போதையில் ஓட்டியதைக் காட்டி நிறுவனம் பொறுப்பை மறுக்க 150ஆம் பிரிவு இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் விட்ட வழக்குகளும் உண்டு. அப்போது தவணையோடு வேனும் வீடும் சேர்ந்தே போகும்.

வேன்காரர், மேலூர்:
ஏழு உயிருக்கு மூன்றாண்டு. ஓர் உயிருக்கும் கேடு செய்யாதவனுக்கு ஆறு மாதப் பட்டினி. தராசு சரியாக இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

செவிலியர், மதுரை:
மூன்றாண்டு போதாது என்றுதான் அதற்குப் பொருள். அந்தத் தண்டனை மிகக் குறைவு என்று உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பில் வருந்தியிருக்கிறது.

வழக்கறிஞர், திருச்சி:
அவர் சொல்வது உண்மை. அரசு மேல்முறையீடு செய்யாததால் கூட்டவில்லை என்றும் நீதிமன்றம் குறித்தது. வேன்காரரே, உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 185இல் தண்டனை பெற்றவருக்குக் குறைந்தது ஆறு மாதத் தகுதியிழப்பு கட்டாயம் என்றாலும், அதை எல்லா வகை வண்டிக்குமோ குறிப்பிட்ட ஒரு வகைக்குமோ விதிக்க 20ஆம் பிரிவு நீதிபதிக்கு இடம் தருகிறது. இருசக்கர வண்டியோடு நிறுத்தும்படி அன்றே கேட்டிருக்க வேண்டும். இப்போதும் உத்தரவை மாற்றக் கோரி மேல் நீதிமன்றம் போகலாம். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

வேன்காரர், மேலூர்:
நன்றி ஐயா. திங்கட்கிழமை தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுகிறோம். ஆறு மாதமும் வேறு ஓட்டுநரை வைத்தால் கூலி போக டீசலுக்குக்கூட மிஞ்சாது.

செவிலியர், மதுரை:
போடுங்கள் அண்ணா, அது உங்கள் உரிமை. ஆனால் அந்த வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் தாய்மாரிடம் இந்தத் தண்டனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் அவர்கள் ஏற்றிவிட்டால், நான் மறுத்துப் பேச மாட்டேன்.