கைப்பேசியில் எழுதும்போது திருத்தத்தின் தடங்கள் எங்கே போகின்றன?

கேள்வி:
பத்தாண்டுகளாகக் கவிதைகளைக் கைப்பேசியிலேயே எழுதி வருகிறேன். அண்மையில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, அடித்துவிட்ட சொற்களும் ஓரத்தில் எழுதிய மாற்று வரிகளும் அப்படியே இருப்பதைக் கண்டு நெகிழ்ந்துபோனேன். கைப்பேசியிலோ கடைசி வடிவம் மட்டுமே மிஞ்சுகிறது. எழுதும் கருவி மாறினால் சிந்திக்கும் முறையும் மாறிவிடுகிறதா? உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
மாறுகிறது என்றே நினைக்கிறேன். 2014-இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்ய முனைந்ததும், கையால் எழுதியவர்கள் கருத்தைச் சுருக்கித் தம் சொற்களில் எழுதியதும் தெரியவந்தன. கை மெதுவாக நகர்வதால் மனம் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. (குறிப்பெடுப்பதும் கவிதை எழுதுவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

மறுமொழி 2:
நான் உடன்படவில்லை, நண்பரே. குழந்தையைத் தோளில் உறங்கவைத்தபடி ஒற்றைக் கையால் தட்டச்சு செய்த வரிகள்தாம் பின்னர் என் சிறுகதைகளாயின. காகிதத்துக்காகக் காத்திருந்தால் அவை பிறந்தே இருக்கமாட்டா. தடங்கள் வேண்டுமெனில், ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் முன் கோப்பைப் படியெடுத்துத் தேதியிட்டுச் சேமியுங்கள். இணையத்தில் சேமிக்கும் எழுதுசெயலிகள் பலவற்றில் பழைய வடிவங்களைத் திரும்பப் பார்க்கும் வசதியும் உண்டு.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தேதியிட்டுச் சேமிக்கும் வழக்கத்தை இன்றே தொடங்குகிறேன். ஆயினும் முதல் வரைவை மட்டும் இனி நோட்டில்தான் எழுதுவேன். அடித்த சொல் கண்ணெதிரே இருக்கும்போதுதான் அதை ஏன் கைவிட்டேன் என்பது எனக்கு நினைவில் நிற்கிறது.